கூட்ட வேண்டிய பதினொரு நிமிடம்

எய்யா காசி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். "அப்பா, மூணு வாட்ச் பாத்து வச்சிருக்கேன். டைவ் ஒண்ணு, ஃபீல்டு ஒண்ணு, பைலட் ஒண்ணு. மூணுமே நம்ம சக்திக்கு உட்பட்டதுதான். கல்யாணத்துக்கு எதக் கட்ட?" என்று கேட்டாய். ஒரு வரியில் முடிகிற சமாசாரம். ஆனால் நான் "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ஒரு வாரமாக யோசிக்கவும் செய்தேன். யோசனை வாட்ச்சோடு நிற்காமல் எங்கெங்கோ போய்விட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை, நம் வாட்ச் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். மைதீன் பாய் படிக்கட்டும், செங்கோட்டை வேலாயுதம் படிக்கட்டும், புதிதாகச் சேர்ந்திருக்கும் நாலைந்து பேரும் படிக்கட்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும். பாதியில் கோபம் வந்தாலும் உடனே போன் போடாதே, கடைசி வரை படித்துவிடு.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் தென்காசியில் பம்ப்செட் மோட்டார் விற்கிறவன், எரிந்த மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுக்கிறவன். காசி என் ஒரே மகன். கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் இருக்கிறான். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம், பெண் சுரண்டை. இந்தக் குழுவை நானும் மைதீன் பாயும் வேலாயுதமும் ஆரம்பித்தபோது எங்களிடம் இருந்தது மொத்தம் மூன்றே வாட்ச். பாய் சார்ஜாவில் வேலை பார்த்துவிட்டு வரும்போது கட்டிக்கொண்டு வந்த டைவ் வாட்ச் ஒன்று. வேலாயுதம் கொல்லத்தில் யாரிடமோ பேரம் பேசி வாங்கிய பைலட் வாட்ச் ஒன்று. தினமும் சாவி கொடுக்க வேண்டிய என் பட்டாளத்து ஃபீல்டு வாட்ச் ஒன்று. பேட்டரி போட்ட எதையும் சேர்ப்பதில்லை என்பது முதல் சட்டம். மாதாமாதம் மூன்றையும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கட்டி, தினமும் காலையில் எத்தனை நொடி முந்துகிறது, எத்தனை நொடி பிந்துகிறது என்று பார்ப்போம். அந்த மாதம் முடிகிற வரை யாரும் முள்ளைத் திருப்பிச் சரி செய்யக் கூடாது. இது இரண்டாவது சட்டம். சட்டம் போட்டவன் நான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உன் மூன்று வாட்ச்சுக்கு வருகிறேன். டைவ் வாட்ச்சைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. நானும் தண்ணீருக்குள் இறங்குகிற மோட்டாரை விற்றுப் பிழைக்கிறவன்தானே. ஆனால் பின் மூடியில் இருநூறு மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதே. திருவேங்கடத்தில் இருந்து நம் கடைக்கு வருவாரே ஒரு விவசாயச் சம்சாரி, பாயின் வாட்ச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "இருநூறு மீட்டர்னா அறுநூத்தம்பது அடி வருமே அண்ணாச்சி. நான் எழுநூறு அடி போர் போட்டும் சொட்டுத் தண்ணி இல்ல. எங்க ஊர்ல இந்த வாட்ச் நனையவே நனையாது." பாய் சிரித்த சிரிப்பில் டீ புரை ஏறிவிட்டது. கல்யாணத்துக்கு டைவ் வாட்ச் வேண்டாம் என்பதற்கு என் காரணம் வேறு. அது கனம், பட்டுச் சட்டையின் கைக்குள் போகாது. மாலை மாற்றும்போது அந்தச் சுற்று வளையத்தில் பூ சிக்கும். வீட்டில் தினசரி கட்டுவதற்கு அதைப் போல ஒன்று கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பைலட் வாட்ச் பார்க்க அழகுதான். பெரிய எண்கள், பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முக்கோணம். எட்ட நின்று பார்த்தாலும் மணி தெரியும். ஆனால் உன் மணிக்கட்டு என் மணிக்கட்டு மாதிரி ஒல்லி. அதைக் கட்டினால் கையில் அப்பளம் ஒட்டினது போல இருக்கும். அது தண்ணீருக்கும் ஆகாது. ஐந்தருவியில் வேலாயுதம் பட்ட பாட்டை நீதான் கூட இருந்து பார்த்தாயே. சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு ஞாயிறு, நாம் நாலு பேரும் போனோம். பாயின் டைவ் வாட்ச்சை அருவிக்குக் கீழே காட்டிச் சோதிப்பதுதான் ஏற்பாடு. வேலாயுதம் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கையில் பைலட் இருப்பதையே மறந்து, முதல் ஆளாகப் போய் அருவிக்கு அடியில் நின்றான். வெளியே வந்தபோது கண்ணாடிக்குள் ஒரே மூட்டம், முள் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. "விமானம் ஓட்டுதவன் அருவியில குளிக்க மாட்டான்லா, அத நெனச்சுதான் செஞ்சிருப்பான்" என்று பாய் சொன்னார். வேலாயுதம் "சாரமில்ல, சாரமில்ல" என்று, பரவாயில்லை என்கிற மாதிரி சிரித்தானே தவிர முகம் செத்துப் போயிருந்தது. வீட்டுக்குப் போய் அரிசிப் பானைக்குள் போடப் போகிறேன் என்றான். நீதான் தடுத்தாய். அதைக் கடைக்குக் கொண்டுவந்து, சாவியை வெளியே இழுத்து வைத்து, காயிலுக்கு வார்னிஷ் காய வைக்கிற குண்டு பல்புக்குக் கீழே, கை பொறுக்கிற சூட்டில், சாயந்திரம் வரை வைத்துக் காப்பாற்றிவிட்டாய். அவன் இன்றைக்கும் அந்த வாட்ச்சைக் கட்டும்போதெல்லாம் உன் பேரைச் சொல்லுகிறான்.

ஆகவே ஃபீல்டு. சின்னதாக, கறுப்பு முகத்தோடு, சத்தம் போடாமல் இருக்கும். சட்டைக் கைக்குள் அடங்கும். காலையில் எழுந்ததும் நீயே சாவி கொடுக்க வேண்டும், மறந்தால் நின்றுவிடும். கல்யாணத்துக்கு அதைக் கட்டு. கூட்டத்தில் இதற்கு மாற்றுக் கருத்து நிச்சயம் வரும், வேலாயுதம் சண்டைக்கே வருவான், வரட்டும். உன் கேள்விக்குப் பதில் முடிந்தது. இனிமேல் நான் சொல்லப் போவது நீ கேட்காதது.

போன மாதம் சுரண்டையில் உன் நிச்சயதார்த்தம். சாப்பாடு முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். உன் அம்மா சம்பந்தியம்மாவிடம், "முகூர்த்தத்துக்கு இவன ஒரு மணி நேரம் முன்னாலயே கெளப்பிரணும் மைனி, இல்லன்னா மேளகாரன்தான் தாலி கட்டணும்" என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி விடவில்லை. "மாப்ள, வண்டிய விட்ட கத ஒண்ணு உண்டாமே, நாங்களும் கேள்விப்பட்டோம்" என்றார். அப்போது கல்யாணப் பெண் தேவி உன்னைப் பார்த்து, "நெஜமாவா?" என்று கேட்டாள். விளையாட்டாக இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ஆமா, நான் கொஞ்சம் மந்தம்தான்" என்று சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாய். கிளம்பும்போது சம்பந்தி என்னைத் தனியே வாசலுக்குக் கூட்டிப் போய், "எம் பொண்ணு சொன்ன சொல்லு தப்பாத புள்ள அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று சொன்னார். நானும் பெரிய மனிதன் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

உன் மந்தத்தால்தான் ரயிலைத் தவறவிட்டாய் என்கிற அந்தப் பொய் ஆறு வருடமாக நம் வீட்டுக்குள் கிடந்தது, பழகிவிட்டது. இப்போது நீ அதைக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடமும் சொல்லிவிட்டாய். அவளிடம் நீ சொன்ன முதல் பொய் எனக்காகச் சொன்னது. உன் புது வாழ்க்கைக்குள் அது உன்னோடு வரக் கூடாது. அதனால் அன்றைக்கு நடந்ததை நடந்தபடியே, எல்லாருக்கும் தெரிய எழுதுகிறேன்.

தீபாவளி முடிந்த ஞாயிறு. மறுநாள் காலை உனக்குச் சென்னையில் நேர்முகத் தேர்வு. நம் வீட்டில் யாருக்குமே கிடைக்காத மாதிரியான வேலை. சென்னை வண்டி சாயந்திரம் ஆறேகாலுக்கு. உன் அம்மா காசிவிசுவநாதர் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கிக்கொண்டு, இட்லிப் பொட்டலத்தோடு நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வீட்டில் நீயும் நானும். என் கையில் அந்த மாதம் ஃபீல்டு வாட்ச். பதினாறு நாள் ஓட்டத்தில் அது பதினொரு நிமிடம் பிந்தியிருந்தது. முள்ளைத் தொடக் கூடாது என்பது நானே போட்ட சட்டம், ஆகவே திருத்தத்தைத் தலைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின மாதம் முழுக்க நான் கட்டியிருந்தது பைலட். அது முந்திக்கொண்டே போகும். கழித்துக் கழித்துப் பார்த்து என் மூளை அதற்கே பழகிக் கிடந்தது. பிந்துகிற வாட்ச்சுக்குப் பதினொரு நிமிடத்தைக் கூட்ட வேண்டும். நான் அன்று கழித்துவிட்டேன், எய்யா. ஆறு மணி தாண்டி ஒரு நிமிடம் ஆகியிருந்தபோது, என் வாட்ச் ஐந்து ஐம்பது காட்டியபோது, நான் மனத்துக்குள் ஐந்து முப்பத்தொன்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டு காப்பியை ஆற்றிக் குடித்தேன்.

நீ பையோடு வந்து நின்று, "அப்பா, போன்ல ஆறு மணி காட்டுது, கெளம்புவோமா?" என்று கேட்டாய். "அந்தப் போனு நேத்துதான ரிப்பேர் கடையிலருந்து வந்துச்சு, அவன் டைம் ஒழுங்கா வச்சிருக்க மாட்டான். இன்னும் அஞ்சு நாப்பதுகூட ஆகல. நான் சொல்லுதேம்லா" என்றேன். நீ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாய். அது ஆறேகால் காட்டியது. உன் அம்மா அதை எப்போதும் கால் மணி கூட்டித்தான் வைப்பாள் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். கழித்துப் பார்த்தால் அதுவும் ஆறு மணிதான். உன் கண்ணில் அந்தக் கணக்கு ஓடியது எனக்குத் தெரிந்தது. "உங்கம்மா கடியாரத்தப் பாத்தா ஊரு உருப்பட்டாப்லதான்" என்று அதற்கும் ஒரு கேலி செய்தேன். நீ பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாய். உன் பக்கம் இரண்டு சாட்சி இருந்தது. என் பக்கம் என் வாய் மட்டும்தான் இருந்தது. நீ என் வாயை நம்பினாய்.

ஸ்டேஷன் வாசலில் பைக்கை மழைக்கு ஒதுங்குகிற இடமாகப் பார்த்து, நிதானமாக ஸ்டாண்டு போட்டேன். இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று நினைப்பு. உள்ளே வண்டி ஊதியது. "அப்பா!" என்றாய். "அது வேற வண்டிலே" என்றேன். நீ ஓடினாய். அன்றைக்குப் பார்த்து வண்டி பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியிருக்கிறது. நமக்கு அதுவும் போதவில்லை. நான் உள்ளே வந்தபோது கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிவிட்டது. உன் அம்மா ஒரு கையில் திருநீற்றையும் ஒரு கையில் இட்லிப் பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். "எங்கலே போன? ஒவ்வொரு சன்னலா உன்னத் தேடிட்டு ஓடுதேன்" என்றாள். நான் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தேன், என் வாட்ச்சைப் பார்த்தேன், எல்லாம் விளங்கிவிட்டது. சட்டைக் கையை இழுத்து வாட்ச்சை மூடினேன். அதை நீ பார்த்துவிட்டாய். பார்த்துவிட்டு, கண் மூடித் திறப்பதற்குள், "நாந்தாம்மா. சர்ட்டிபிகேட்டத் தேடிட்டே இருந்துட்டேன்" என்று சொன்னாய்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உன் அம்மாவிடம் ஒரே வாக்கியம் போதும். "இல்ல உலகு, தப்பு எம்மேல" என்றால் முடிந்தது. அதற்குப் பதிலாக, "ஏறு, அடுத்து வண்டி நிக்கிற கடையநல்லூர்ல பிடிச்சிருவோம்" என்று உன்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு மழையில் பறந்தேன். உன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தப்பிக்கத்தான் அந்தப் பறப்பு. பாதி வழியில் ரயில்வே கேட் அடைத்துக் கிடந்தது. தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததும் நான் எட்டிப் பார்த்தேன். பின்னால் இருந்து நீ தோளைத் தொட்டு, "இது எதுத்தாப்ல வாரதுப்பா, நம்ம வண்டி இல்ல. திரும்புங்க" என்றாய். உன் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பிறகு கூட்டம் பிதுங்குகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போனாய். சென்னைக்குப் போய்ச் சேர மறுநாள் நண்பகல் ஆகிவிட்டது. பெயர் கூப்பிட்டு முடித்தாகிவிட்டது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். "வண்டிய விட்ட காசி" என்று பெயர் வைத்தார்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும், "வாலே, இன்னைக்காவது நேரத்துக்கு வந்தியே" என்றுதான் வரவேற்பு. உன் அம்மா உன்னை எழுப்பும்போதும் அதையே சொன்னாள், சோறு போடும்போதும் அதையே சொன்னாள். நான் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் எனக்கு என்ன பெயர் தெரியுமா? "அண்ணாச்சி வாயிலருந்து வந்தா அதுதான் டைம்" என்று பாய் புது ஆட்களிடம் அறிமுகம் செய்வார். அந்தப் பெயரை விட எனக்கு மனசில்லை. என் பெயரைக் காப்பாற்ற உன் பெயரைக் கொடுத்தேன். நீயும் கேட்காமலே கொடுத்தாய்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதத்தான் எனக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது. நீ அந்த வேலைக்குப் போகாததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. நான் வருத்தப்பட்டதை எல்லாரும் பார்த்தார்கள். சந்தோஷப்பட்டதை யாரும் பார்க்கவில்லை. இரண்டு வருடம் நீ என்னோடு கடையில் இருந்தாய். காலையில் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டதும் எனக்கு முன்னால் நீ கூட்டிப் பெருக்கியிருப்பாய். காயில் கட்ட என் கண் மங்கிப் போனதை நீதான் முதலில் கண்டுபிடித்தாய். "நீங்க சுத்து எண்ணுங்கப்பா, நான் கட்டுதேன்" என்று, எனக்குக் கண் தெரியவில்லை என்பதையே சொல்லாமல் என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் பாயும் வேலாயுதமும் நானும் வளையம் பெரிதா, முள் பெரிதா என்று சண்டை போடும்போது நடுவில் உட்கார்ந்து, லென்ஸை வைத்துப் பார்த்து, யார் மனமும் நோகாமல் தீர்ப்புச் சொல்வாய். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு வருடம்தான். உன் நல்ல காலத்தைத் தின்று நான் அனுபவித்த சந்தோஷம் அது. அதற்கு நான் உன்னிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும், நன்றியும் சொல்ல வேண்டும். எது முதலில் என்று தெரியாமல்தான் ஆறு வருடம் போய்விட்டது. நன்றியையே முதலில் சொல்லிவிடுகிறேன். நீ எனக்கு மகனாக வந்து பிறந்தாயே, அதற்கு நன்றி, எய்யா. வேறு பெரிய வார்த்தை எனக்குத் தெரியாது.

கோயம்புத்தூர் வேலை உனக்கு உன் கையால் கிடைத்தது. நம் கடையில் கற்ற வேலையை வைத்து, எவர் சிபாரிசும் இல்லாமல் போய் உட்கார்ந்தாய். "அன்னைக்கு வண்டிய விட்டதும் நல்லதுக்குத்தான்" என்று நீ ஒரு தடவை போனில் சொன்னாய். என்னைத் தேற்றத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன். நல்லதாக முடிந்தது உன் சாமர்த்தியம். அதைக் காட்டி என் தப்பை நான் சின்னதாக்கிக்கொள்ளக் கூடாது.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். எந்த வாட்ச்சும் முழுக்கச் சரியாக ஓடாது, அது அதன் பிறவிக் குணம். அதற்காக வெட்கப்பட வேண்டாம். தப்பு தெரிந்த அன்றைக்கே முள்ளைத் திருப்பிச் சரி செய்துவிடு. "எனக்குத் தெரியும், மனத்துக்குள் கணக்கு வைத்திருக்கிறேன்" என்று திரியாதே. கணக்கு என்றைக்காவது ஒருநாள் தலைகீழாகிவிடும், அன்று பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் அதற்கு அழுவார்கள். வீட்டுக் கடிகாரத்தைத் தேவி கூட்டி வைத்தால் கேலி செய்யாதே. அன்றைக்கு உன் அம்மாவின் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பியிருந்தால் நீ சன்னலோரம் உட்கார்ந்திருப்பாய். அவளுக்கு நொடிக் கணக்குத் தெரியாது, ஆனால் மனிதர்கள் தாமதமாகத்தான் கிளம்புவார்கள் என்பது தெரியும். பிற்பாடு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது வந்து, "அப்பா, நேரம் ஆயிட்டு" என்று சொன்னால், உன் கையைப் பார்க்காதே, முதலில் எழுந்திரு.

அடுத்தவர் தப்பை நீ உன் தலையில் போட்டுக்கொள்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பெரிய குணம், எனக்கு அது கிடையாது, உன் அம்மா வழியில் வந்திருக்கும். ஆனால் அந்தக் குணத்தால் நான் திருந்தவில்லை என்பதையும் நீ பார்க்க வேண்டும். நீ என்னை மாட்டிவிட்டிருந்தால் அன்றைக்கே நாலு ஏச்சு வாங்கி, மறுநாள் எழுந்து வேலையைப் பார்த்திருப்பேன். நீ காப்பாற்றியதால் ஆறு வருடம் என் வீட்டிலேயே திருடன் மாதிரி இருந்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தேவியிடம் இந்தக் குணத்தை அளவோடு காட்டு என்றுதான் சொல்கிறேன்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு இன்று காலை முதலில் உன் அம்மாவிடம் போனேன். குழுவில் இருப்பவர்கள் அவளுக்கு முன்னால் தெரிந்துகொள்வது முறையில்லை. அடுக்களையில் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்.

"போன்ல ஆறு மணி காட்டுதுன்னு அவன் சொன்னானா?"

"சொன்னான்."

"நீங்க?"

"போனு தப்புன்னு சொன்னேன்."

"எங் கடியாரத்தப் பாத்தானா?"

"பாத்தான். நான்தான் உட்காரச் சொன்னேன்."

கத்தியைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "ஆறு வருசம். வந்தவங்க போனவங்க எல்லார்ட்டயும் எம் புள்ளய நானே மந்தம்னு சொன்னேனே. சோத்துத் தட்ட வச்சுட்டுச் சொன்னேனே. சம்பந்தி வீட்டுல, கட்டிக்கப் போற புள்ள முன்னால சொல்லிச் சிரிச்சேனே" என்றாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் செய்த தப்பு பதினொரு நிமிடம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாயால் உன்னை ஏச விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதுதான் பெரிய தப்பு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிறகு, "அவன் ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள். நாளைக் காலையில் முதல் பஸ்ஸுக்குச் சுரண்டைக்குப் போகிறேன். சம்பந்தியிடமும் தேவியிடமும் நேரில்தான் சொல்ல வேண்டும், போனில் சொல்கிற சமாசாரம் இல்லை இது. கூட்டத்தாருக்கு இந்தக் கடிதமே போதும். பாய், இனிமேல் புது ஆள் வந்தால் என்னை எப்படி அறிமுகம் செய்ய வேண்டும் என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

காசி, உன் அம்மா இப்போது உனக்குப் போன் போடக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் உனக்கு மணி அடிக்கும். எடுத்ததும் உன் வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "விடும்மா, அப்பா மேல மட்டும் தப்பு இல்ல" என்று ஆரம்பிப்பாய். வேண்டாம், எய்யா. எனக்கு நீ செய்தது ஏழு பிறவிக்குப் போதும். இந்த ஒரு தடவை அப்பாவை விட்டுவிட்டு, அம்மா பக்கம் நில்.

அப்பா